காசு கொடுக்காத லிப்ஸ்டிக்: ‘ஹிருகாவோ’ தொடர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆன ஒரு பெண். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. கணவனுக்கு நிலையான உத்தியோகம் இருக்கிறது. அவளுக்கு சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேர வேலை. ஒரு நாள் கடையிலிருந்து ஒரு லிப்ஸ்டிக்கைக் காசு கொடுக்காமல் எடுத்து வந்துவிடுகிறாள். வாங்க முடியாத பொருள் இல்லை. அதைப் பூசிக்கொண்டு யார் முன்னால் போய் நிற்பது என்பதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

2014 ஜூலை 17-ம் தேதி ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஹிருகாவோ’ இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வியாழக்கிழமை இரவு 10 மணித் தொடர். செப்டம்பர் 25 வரை 11 பகுதிகள் வந்தன. எழுதியவர் இனோவே யுமிகோ, முதன்மை இயக்குநர் நிஷிதானி ஹிரோஷி. கடைசிப் பகுதியை டோக்கியோ வட்டாரத்தில் 16.7 சதவீத வீடுகள் பார்த்தன. 2017 ஜூனில் அதே குழு கதையின் தொடர்ச்சியைத் திரைப்படமாக எடுத்தது. இரண்டையும் சேர்த்து ஒரே வழக்குக் கட்டாக வைத்து இங்கே பிரித்துப் பார்க்கிறேன். முடிவு தெரிந்துவிடும், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் மலர்ந்து வாடுவது அசகாவோ. பகல் முழுக்க மலர்ந்திருப்பது ஹிருகாவோ, ‘பகல் முகம்’. வேலியில் படரும் சாதாரணக் கொடி. நம் கடற்கரை மணலில் படரும் அடும்புக்கு ஜப்பானில் ‘கும்பாய் ஹிருகாவோ’ என்றுதான் பெயர். நெய்தல் பாட்டுகளில் வரும் அதே அடும்பு. யாரும் நட்டு வளர்க்காத, மிதித்துக்கொண்டு போகிற கொடி. கணவன் அலுவலகத்தில் இருக்கும் பகல் நேரத்தில் மட்டும் காதலனைச் சந்திக்கும் மனைவிக்கு இந்தத் தொடர் அந்தப் பெயரை வைக்கிறது. துணைத் தலைப்பில் நேரமே சொல்லப்படுகிறது: வார நாட்கள், பிற்பகல் மூன்று மணி.

நான்கு வீட்டார்

லிப்ஸ்டிக் எடுத்த பெண் ஸஸமோதோ சவா (நடிப்பு உவெதோ ஆயா). கணவன் ஷுன்ஸுகே கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை, சம்பளத்தை மறைப்பதில்லை. ஆனால் அவளை ‘மாமா’ என்று கூப்பிடுகிறான். நம் ஊர் மாமா இல்லை, ஆங்கிலத்திலிருந்து போன ‘அம்மா’. பிள்ளை பிறந்தபின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அம்மா, அப்பா என்று அழைப்பது ஜப்பானில் சகஜம்தான். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் ஹாம்ஸ்டர்கள் இருக்கின்றன. ஷுன்ஸுகே அவற்றைக் கொஞ்சுகிறான். இருவருக்கும் இடையில் உடல் உறவு நின்று நாளாகிவிட்டது. அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுவிட்டது.

தொடர் வந்த அதே 2014-ல் ஜப்பான் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில், மணமானவர்களில் 44.6 சதவீதம் பேர் ஒரு மாதமோ அதற்கு மேலோ உறவு இல்லாமல் இருப்பதாகச் சொன்னார்கள். பத்து வருடம் முன்பு அது 31.9. சவாவின் வீடு அந்த நாட்டில் விதிவிலக்கே இல்லை என்பதற்காக இந்த எண்ணைச் சொல்கிறேன். அந்த வியாழக்கிழமை இரவுகளில் பலருக்கு அந்தப் படுக்கையறை தெரிந்த இடமாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது வீடு தகிகாவா ரிகாகோவுடையது (கிச்சிசே மிச்சிகோ). பணக்கார வீடு, இரண்டு மகள்கள், பத்திரிகை ஆசிரியராக இருக்கும் கணவன். ரிகாகோ பகலில் ஆண்களைச் சந்திக்கிறாள், அதில் அவளுக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது. மூன்று வருடம் போனால் கணவனுக்கு மனைவி ஒரு ஃபிரிட்ஜ் என்பது அவள் வாதம். எப்போது திறந்தாலும் உள்ளே சாப்பாடு இருக்கும் என்று நினைக்கிறான், கெட்டுப்போனால் சிரமப்படுகிறான், அதற்காகப் பராமரிப்பதில்லை. கேட்டவுடன் மனதில் தங்கிவிடுகிற உவமை. கேட்பவரைத் தன் பக்கம் இழுத்துவிடும் உவமையும்கூட, அதனால் அங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜாக நடத்தப்படுகிறோம் என்பது உண்மையான வலி. அதற்கு மருந்து மூன்றாவது ஒருவருக்குத் தெரியாமல் நடக்கிற சந்திப்புதான் என்பது ரிகாகோ தானாகச் சேர்த்துக்கொண்ட வரி.

மூன்றாவது வீட்டில் கிதானோ யூயிச்சிரோ (சைதோ தகுமி), மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர், பூச்சிகளைத் தேடித் திரிபவர். மனைவி நொரிகோ (இத்தோ அயுமி) பல்கலைக்கழக ஆய்வாளர், கணவனைவிட வேகமாக மேலே போகிறவர். நான்காவது இடம் ஓவியர் கதோவின் அறை. அதை வீடு என்று சொல்ல முடியாது.

எப்படி நடந்தது

ரிகாகோவுக்குச் சவாவின் திருட்டு தெரிந்துவிடுகிறது. அதை வைத்து மிரட்டுகிறாள்: நான் உன்னோடுதான் இருந்தேன் என்று என் கணவனிடம் சொல். சவாவுக்கு இந்தப் பெண்ணைப் பார்த்தாலே வெறுப்பு. இருந்தாலும் சொல்கிறாள். அப்படிச் சொல்லப்போன இடத்தில் விழுந்த முடிச்சுகளின் வழியாகத்தான் கிதானோவும் அறிமுகமாகிறார்.

இந்த வரிசையைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் தொடரின் உயிர். சபலம் என்றால் அழகான ஒருவன் வந்து நின்றான், மனம் தடுமாறியது என்று நாம் கற்பனை செய்கிறோம். இங்கே கிதானோ வருவதற்கு முன்பே சவா பொய் சொல்லப் பழகிவிட்டாள். அதுவும் அடுத்தவளுக்காக. எங்கே போனாய், யாரோடு இருந்தாய், ஏன் தாமதம் என்ற கேள்விகளுக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்ல ரிகாகோவின் செலவில் கற்றுக்கொண்டாள். தனக்கென்று ஒரு பொய் தேவைப்பட்ட நாளில் நாக்கு தயாராக இருந்தது.

கிதானோ அவளுக்குக் கொடுப்பது மிகச் சிறியது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பூச்சியைக் காட்டி விளக்குகிறார், அவள் கேட்கிறாள், கேள்வி கேட்கிறாள். இரண்டு பேருமே வீட்டில் யாரும் ஆர்வம் காட்டாத ஒரு பகுதியோடு வாழ்கிறவர்கள். முதல் சில பகுதிகளில் அவர்கள் ஒன்றும் செய்துவிடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டப்படி அது சரியும்கூட. ஆனால் சவா கண்ணாடி பார்க்கத் தொடங்கிவிட்டாள். திருடிய லிப்ஸ்டிக்குக்கு இப்போது பயன் வந்துவிட்டது.

பிறகு நடப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். ரிகாகோ, ஆண்களை எடைபோடத் தெரிந்தவள், கதோவிடம் நிஜமாக விழுந்து வீட்டை விட்டுப் போகிறாள். கடைசியில் மகள்கள் இருக்கும் வீட்டுக்கே திரும்புகிறாள். சவாவும் கிதானோவும் மலைப்பக்கம் ஓடிப்போகிறார்கள். பிடிபடுகிறார்கள். ஷுன்ஸுகேவுக்கும் அலுவலகத்தில் தன்னை விரும்பும் ஒரு பெண் இருக்கிறாள் என்ற கிளைக்கதை எனக்கு அவ்வளவு தேவையாகப் படவில்லை. கணவன் பக்கமும் தராசில் கொஞ்சம் எடை வைத்துச் சவாவின் பாரத்தைக் குறைக்கப் பார்க்கிறது.

நொரிகோ

இந்தக் கதையை நான் மறக்க முடியாததற்குக் காரணம் நொரிகோ. இத்தகைய தொடர்களில் ஏமாற்றப்பட்ட மனைவிக்கு வழக்கமாக இரண்டு வேடங்கள்தான்: அழுதுகொண்டே மன்னிப்பவள், அல்லது பேயாட்டம் ஆடும் வில்லி. நொரிகோவிடம் இரண்டும் உண்டு, இரண்டிலும் அடங்கவும் மாட்டாள். படித்தவள், ஆய்வு செய்பவள். சந்தேகம் வந்ததும் ஆய்வாளரைப் போலவே தடயங்களைச் சேர்க்கிறாள். சேர்த்து முடித்ததும் அந்த அறிவு அவளுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. தெரிந்துகொண்டது அத்தனையும் உள்ளே போய்க் குத்துகிறது.

சவாவின் காதலுக்கு நம்மை உருக வைக்க இசை இருக்கிறது, கோடைவெயில் இருக்கிறது, உவெதோ ஆயாவின் முகம் இருக்கிறது. நொரிகோவுக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. ஆனாலும் அவள் வரும் காட்சிகளில் மற்ற இருவரின் காதல் சட்டென்று சின்னதாகிவிடுகிறது. மனைவி முன்னேறுவதைத் தாங்க முடியாத ஆணின் சிறுமை கிதானோவிடம் இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் எனக்குப் பார்த்த நாளிலிருந்து இருக்கிறது. தொடர் அதைச் சொல்வதில்லை. நொரிகோவின் குரல் உயரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி வருகிறது.

பேசுவதை நிறுத்திய ஷுன்ஸுகேயிடம் சவாவுக்கு நியாயமான வழக்கு இருக்கிறது. நொரிகோவிடம் அவளுக்கு என்ன வழக்கு இருக்கிறது? ஒன்றும் இல்லை. தன் வீட்டில் தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற வலிக்கு விலையை இன்னொரு வீட்டுப் பெண்ணிடமிருந்து எடுத்தாள். லிப்ஸ்டிக் எடுத்த அதே கைதான்.

விலை என்ற சொல்

விலை என்று நான் சும்மா சொல்லவில்லை. ஜப்பானில் இந்த விஷயத்துக்கு உண்மையிலேயே ஒரு விலை உண்டு, அது பழைய வழக்கம். ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட எடோ காலத்தில், 1742-ல் ஷோகுன் யோஷிமுனேயின் ஆட்சியில் தொகுக்கப்பட்ட சட்டம் கள்ள உறவில் பிடிபட்ட மனைவிக்கும் ஆணுக்கும் மரணம் என்றது. அதற்கு முன்பே, 1683-ல், கியோத்தோவில் நாட்காட்டி அச்சிடும் ஒருவரின் மனைவி ஓசானும் கடை ஊழியன் மோஹேயும் கொல்லப்பட்டார்கள். பின்னால் சிக்காமத்ஸு அதைப் பொம்மலாட்ட நாடகமாக்கினார். ஆனால் நடைமுறையில் பலர் வீட்டு மானம் தெருவுக்கு வராமல் பணம் வாங்கிக்கொண்டு முடித்தார்கள். அதற்குப் பெயர் ‘குபிதாய்’, கழுத்து விலை. ஏழு ர்யோ இரண்டு பு (இரண்டும் அக்கால நாணயங்கள்) என்பது எல்லார் வாயிலும் புழங்கிய தொகை.

நவீன சட்டம் வந்தபோது தண்டனைச் சட்டத்தின் 183-வது பிரிவு மனைவியின் பிறன்மனைத் தொடர்பை மட்டும் குற்றமாக்கியது, இரண்டு வருடம் வரை சிறை. கணவன் என்ன செய்தாலும் அவன் சேர்ந்த பெண் இன்னொருவன் மனைவியாக இல்லாதவரை அது குற்றமில்லை. 1912-ல் கவிஞர் கிதஹாரா ஹகுஷூ, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு உறவு என்று அவள் கணவன் கொடுத்த புகாரில் கைதாகி, இரண்டு வாரம் உள்ளே இருந்து வெளியே வந்தார்; பின்னால் சமரசம் ஆகி வழக்கு முடிந்தது. போருக்குப் பிந்திய அரசியல் சட்டம் ஆண் பெண் சமம் என்றதும் அந்தப் பிரிவு நிற்க முடியாமல் 1947-ல் நீக்கப்பட்டது.

குற்றம் போயிற்று, கடன் மிஞ்சியது. குடிமைச் சட்டத்தின் 770-வது பிரிவில் விவாகரத்துக்கான முதல் காரணமே ‘ஃபுதேய்’, அதாவது விசுவாசம் தவறுதல். அதற்கும் மேலே, ஏமாற்றப்பட்ட துணை தன் துணையிடம் மட்டுமல்லாமல், அந்த மூன்றாவது நபரிடமும் ‘இஷர்யோ’ கேட்கலாம். மனத்தை ஆற்றும் பணம் என்று பொருள். 1979 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது: அது இயல்பாக மலர்ந்த காதலா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்றது. இந்த வரியைப் படித்தபோது எனக்குச் சவாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பிற்பாடு சில வரம்புகள் வந்தன. உறவு தொடங்குமுன்பே திருமணம் உடைந்துபோயிருந்தால் பொறுப்பில்லை என்று 1996-ல் தீர்ப்பு. விவாகரத்து ஆனதற்கான இழப்பீட்டை மூன்றாம் நபரிடம் சாதாரணமாகக் கேட்க முடியாது என்று 2019-ல் இன்னொரு தீர்ப்பு. உறவுக்கான இழப்பீடு அப்படியே இருக்கிறது. வழக்கறிஞர்கள் சொல்லும் வழக்கமான தொகை ஐந்து லட்சம் முதல் முப்பது லட்சம் யென் வரை. யார், எது என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

இப்போது சவாவின் வருமானத்தைப் பாருங்கள். அப்போதைய வரி விதிகளில் வருடத்துக்கு 10.3 லட்சம் யென்னைத் தாண்டாமல் சம்பாதிப்பது பகுதிநேர மனைவிகளின் வழக்கம். ‘103-இன் சுவர்’ என்பார்கள், ‘103’ அங்கே பத்தாயிரக் கணக்கு. 1986-லிருந்து கணவனைச் சார்ந்த மனைவிக்குத் தனியாக ஓய்வூதியத் தவணை கட்ட வேண்டியதில்லை, வருமானம் குறைவாக இருக்கும்வரை. அரசே போட்டுக் கொடுத்த கணக்கு இது: நீ கொஞ்சமாக வேலை செய், மீதி நேரம் வீட்டைப் பார். பிற்பகல் மூன்று மணி காலியாக இருப்பது அவள் சோம்பேறித்தனத்தால் இல்லை. அதே கணக்குதான் அவள் தவறினால் ஒன்றிரண்டு வருடச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய நிலையிலும் நிறுத்துகிறது.

தொடரின் கடைசியில் வழக்கறிஞர் முன்னிலையில் கையெழுத்துப் போடுகிறார்கள். இனி சந்திக்க மாட்டோம், தொடர்பு கொள்ள மாட்டோம். இது கதைக்காகச் செய்த ஜோடனை இல்லை. நிஜ வாழ்க்கையிலும் இத்தகைய சமரசப் பத்திரங்களில் தொடர்புத் தடை என்று ஒரு விதி சேர்ப்பார்கள், மீறினால் இவ்வளவு அபராதம் என்றும் எழுதுவார்கள். மிரட்டலாக வாயால் போட்ட ஒப்பந்தத்தில் ஆரம்பித்த கதை, எழுத்தால் போட்ட ஒப்பந்தத்தில் நிற்கிறது. சவா விவாகரத்து வாங்கிக்கொண்டு தனியாகப் போகிறாள். கிதானோ நொரிகோவோடு திரும்பிப் போகிறார்.

முன்னால் வந்தவை

இந்தத் தொடர் திடீரென்று முளைத்ததில்லை. 1957-ல் மிஷிமா யுகியோவின் ஒரு நாவலால் ‘யொரொமெகி’ என்ற சொல் பரவியது, தள்ளாட்டம் என்று அர்த்தம். மணமான பெண்ணின் சபலத்துக்கு அது பெயராயிற்று. 1983-ல் புறநகர் தம்பதிகளின் கதையாக டிபிஎஸ் தொலைக்காட்சி எடுத்த ‘வெள்ளிக்கிழமை மனைவிகளுக்கு’ பேரலையானது. 1997-ல் ‘ஷிட்சுராகுயென்’ என்ற நாவல் படமாகவும் தொடராகவும் வந்து, அந்தப் பெயரே வினைச்சொல்லாகி அந்த வருடத்தின் பிரபல சொல் விருதைப் பெற்றது. அதில் காதலர்கள் சேர்ந்து செத்துப்போகிறார்கள். சாவு அங்கே காதலுக்குச் சூட்டும் கிரீடம்.

இனோவே யுமிகோ அந்தக் கிரீடத்தைத் தர மறுத்தார் என்பதால்தான் இதை இவ்வளவு நேரம் பேசுகிறேன். சேர்ந்து சாகலாம் என்ற பழைய ஆறுதல்கூட அவர் பாத்திரங்களுக்குக் கிடைக்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் எழுந்து, வேலை தேட வேண்டும்.

மூன்று வருடம் கழித்து

படத்தில் சவா ஒரு கடலோர ஊரில் இருக்கிறாள், உணவகத்தில் வேலை. மின்மினி பற்றிப் பேச வரும் ஒருவரின் பெயரைப் பார்க்கிறாள். கிதானோ. போகாமல் இருந்திருக்கலாம். போகிறாள். பத்திரம் மீறப்படுகிறது. இந்த முறை ஒளிவு குறைவு. கிதானோ விவாகரத்து செய்துகொண்டு வந்து இவளோடு வாழ்வதாக முடிவாகிறது, ஊரில் இவள் யார் என்று தெரிந்து வம்பு பேசுகிறார்கள், இவள் பொறுத்துக்கொள்கிறாள். ஏறத்தாழ ஒரு சாதாரண வாழ்க்கை கைக்கு எட்டும் தூரத்தில் வருகிறது.

பிரிவுப் பேச்சு முடியும் தறுவாயில் நொரிகோ ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிதானோ இறக்கிறார். நொரிகோ பிழைக்கிறாள்.

இதைத் தண்டனை என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. தண்டனை என்றால் தவறு செய்தவர்களுக்கு அல்லவா போக வேண்டும்? உயிரோடு இருந்து சுமக்க வேண்டியிருப்பவள் ஒரு தவறும் செய்யாமல் இந்தக் கதைக்குள் இழுக்கப்பட்ட நொரிகோவும்தான். இறந்தவருக்கு முன்னால் சவாவுக்கு எந்த உரிமையும் இல்லை. காதலி என்று ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது.

கடைசியில் சவா கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிகிறது. படம் அங்கே நிறுத்திக்கொள்கிறது. நான் நிறுத்திக்கொள்ள முடியாமல் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். மணம் ஆகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை இறந்துபோயிருந்தால், அவர் இறந்து மூன்று வருடத்துக்குள் தந்தைமையை அங்கீகரிக்கக் கோரி வழக்குப் போடலாம். பிரதிவாதி இறந்துவிட்டதால் அவர் இடத்தில் அரசு வழக்குரைஞரை நிறுத்துவார்கள். தீர்ப்பு கிடைத்தால் குழந்தை வாரிசாகும். 2013-ல் உச்ச நீதிமன்றம் மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குப் பாதிப் பங்குதான் என்ற பழைய விதியைத் தள்ளுபடி செய்துவிட்டதால், மற்ற எந்தக் குழந்தைக்கும் உள்ள உரிமை இதற்கும் உண்டு. மனைவிக்குப் பாதி, குழந்தைக்குப் பாதி.

அப்புறம் இன்னொன்று. ஜப்பானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘கோசெகி’ என்ற பதிவேடு உண்டு. தந்தைமை அங்கீகரிக்கப்பட்டால் அது குழந்தையின் பதிவில் மட்டும் ஏறுவதில்லை, தந்தையின் பதிவிலும் ஏறும். விவாகரத்து பதிவாகுமுன் கிதானோ இறந்திருந்தால், அந்தத் தாளில் அவருக்கு அடுத்து இருக்கும் பெயர் நொரிகோவுடையது. இனி அவள் எந்த வேலைக்காகவாவது நகராட்சி அலுவலகத்தில் அந்த நகலைக் கேட்டு வாங்கினால், சவாவின் குழந்தையின் பெயரையும் சேர்த்துத்தான் கையில் வாங்குவாள்.